மண்ணுக்கடியில் ஓர் இரும்புச் சுவர்

(விஷம் கலந்த நிலத்தடி நீரைச் சுத்தம் செய்யும் முறை பற்றி, ஆலைத் தொழிலாளரும் விவசாயத் தொழிலாளரும் கூடியிருந்த விஞ்ஞான வகுப்பில் நிகழ்த்திய சொற்பொழிவு.)

இந்தக் கூட்டத்துக்கு வரும் வழியில் ஒரு விவசாயத் தோழர் என்னிடம் கேட்டார்: "கிணற்றுத் தண்ணீர் கெட்டுப்போனால் இறைத்துக் கொட்டிவிட வேண்டியதுதானே? புதுத் தண்ணீர் தானாக ஊறிவிடும். இதற்கு ஒரு விஞ்ஞானம் எதற்கு, ஒரு சொற்பொழிவு எதற்கு?"

நியாயமான கேள்வி. கிணற்றில் ஒரு நாய் விழுந்து செத்தால் அப்படித்தான் செய்கிறோம். தண்ணீரை இறைக்கிறோம், தூர் வாருகிறோம், கிணறு சரியாகிவிடுகிறது. ஆனால் விஷம் கிணற்றில் விழாமல், மண்ணுக்குள்ளேயே இறங்கியிருந்தால்? அப்போது ஊறி வருகிற புதுத் தண்ணீரும் அதே விஷ மண்ணின் வழியாகத்தான் வரும். இன்று இறைப்பீர்கள், நாளை இறைப்பீர்கள். பத்து வருஷம் இறைத்தாலும் வருவது அதே தண்ணீர்தான்.

பல நாடுகளில் இப்படித்தான் செய்து பார்த்தார்கள். பெரிய பம்புகளை வைத்து, கெட்ட நீரை மேலே இழுத்து, சுத்தம் செய்து வெளியே விட்டார்கள். மின்சாரச் செலவு, ஆள் செலவு, மருந்துச் செலவு எல்லாம் வருஷக் கணக்கில் ஏறிக்கொண்டே போயின. பம்பு ஓடும்வரை தண்ணீர் கொஞ்சம் நன்றாக இருக்கும். நிறுத்தினால், மண்ணில் ஒட்டிக்கொண்டிருக்கும் விஷம் மறுபடியும் கரைந்து வரும்.

இதற்கு மாற்றாக வந்த ஒரு முறையைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன். தண்ணீரை மேலே கொண்டுவராமல், அது போகும் வழியிலேயே மண்ணுக்குள் ஒரு சுவர் கட்டி அதைச் சுத்தம் செய்யும் முறை அது. கேட்பதற்குச் சுலபமாக இருக்கும். ஆனால் அந்தச் சுவரை எங்கே கட்டுவது, எவ்வளவு ஆழம், எவ்வளவு கனம் என்று கணக்குப் போடாமல் கட்டினால் பணம் போவதோடு தீராது. "சுத்தம் செய்தாகிவிட்டது" என்று நம்பி, கீழே இருக்கிற ஜனங்கள் விஷத்தைக் குடிப்பார்கள். ஆகவே இது உயிர் சம்பந்தப்பட்ட கணக்கு.

நிலத்தடி நீர் எப்படி நடக்கிறது?

பூமிக்கடியில் நீர் ஏரி போலத் தேங்கி நிற்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். அது தேங்கி நிற்பதில்லை. மணலுக்கும் சரளைக்கும் நடுவேயுள்ள சிறு சிறு சந்துகளில் புகுந்து, மேட்டிலிருந்து பள்ளத்தை நோக்கி மெல்ல மெல்ல நடந்துகொண்டே இருக்கிறது. கடைசியில் ஓர் ஆற்றிலோ ஓடையிலோ கிணற்றிலோ வெளிப்படுகிறது.

எவ்வளவு வேகத்தில் நடக்கிறது? இதற்கு விதி கண்டவர் பிரான்சு தேசத்து எஞ்சினியர் ஹென்றி டார்சி. தீஜோன் நகரத்துக்குக் குடிநீர் வசதி செய்து கொடுத்தவர் அவர். குழாயில் மணலை நிரப்பி, அதன் வழியே நீரை விட்டு, அளந்து பார்த்து 1856-ம் ஆண்டில் முடிவை வெளியிட்டார். இரண்டு முனைகளுக்கும் உள்ள நீர்மட்ட வித்தியாசம் கூடினால் ஓட்டம் கூடும். தூரம் கூடினால் ஓட்டம் குறையும். அதோடு, மண்ணின் குணமும் உண்டு: சரளை தாராளமாக வழி விடும், மணல் மட்டாக விடும், களிமண் அநேகமாக விடவே விடாது. இவ்வளவுதான் அந்த விதி. வயலில் தண்ணீர் கட்டுகிற எவருக்கும் இது புதிதல்ல.

ஓர் உதாரணக் கணக்குப் போடுவோம். நிலத்தடி நீர்மட்டம் 500 அடி தூரத்துக்கு 1 அடி சரிந்திருக்கிறது என்று வையுங்கள். மண் நல்ல மணல். அதன் வழிவிடும் திறன் நாளொன்றுக்கு 50 அடி. மணலில் நாலில் ஒரு பங்குதான் சந்து. 50-ஐ 500-ஆல் வகுத்தால் பத்தில் ஒன்று. சந்து கால் பங்குதான் என்பதால் அதை நாலால் பெருக்க வேண்டும். நீர் நாளொன்றுக்கு 0.4 அடி, அதாவது ஐந்து அங்குலத்துக்குக் கொஞ்சம் குறைவாக நகர்கிறது. வருஷத்துக்குச் சுமார் 146 அடி. நத்தை கூட இதைவிட வேகமாகப் போகும்!

விஷமும் இந்த நடையில்தான் போகிறது. ஆலைச் சிம்னியிலிருந்து புகை கிளம்பி, காற்றடிக்கும் திசையில் வால்போல நீண்டு போவதைப் பார்த்திருக்கிறீர்கள். நிலத்தடியிலும் அப்படியே. விஷம் இறங்கிய இடத்திலிருந்து நீர் போகும் திசையில் ஒரு வால் நீள்கிறது. புகை கண்ணுக்குத் தெரியும், இது தெரியாது. அதுதான் வித்தியாசம்.

எலிசபெத் சிட்டியில் நடந்தது

அமெரிக்காவில் வட கரோலினா மாகாணத்தில் எலிசபெத் சிட்டி என்று ஓர் ஊர். பாஸ்குவோடாங்க் என்ற ஆற்றின் தென்கரையில் அந்நாட்டுக் கடலோரக் காவல் படையின் தளம் இருக்கிறது. அங்கே 30 ஆண்டுகளுக்கு மேலாக ஒரு முலாம் பூசும் பட்டறை நடந்து, 1984-ல் நின்றது. 1988-ல்தான் உண்மை வெளிவந்தது. காங்கிரீட் தளத்தின் ஓட்டைகள் வழியாகக் குரோமிக் அமிலம் கீழே இறங்கிக்கொண்டிருந்திருக்கிறது! எண்ணெய்ப் பிசுக்கு எடுக்க உபயோகிக்கும் டிரைகுளோரோஎதிலீன் என்ற திராவகமும் நிலத்தடி நீரில் கலந்திருந்தது. ஆறு அந்தப் பட்டறையிலிருந்து 200 அடி தூரத்தில்தான் இருக்கிறது.

முலாம் பட்டறையில் வேலை செய்த தோழர்களுக்குக் குரோமியத்தைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. அந்த அமிலப் புகை கையைப் புண்ணாக்கும். மூக்கின் நடுச் சவ்வையே துளைத்துவிடும். சுவாசித்து வந்தால் நுரையீரலில் புற்றுநோய் உண்டாக்கும். குரோமியத்தில் இரண்டு வகை உண்டு. ஆறாம் நிலைக் குரோமியம் என்பது கொடியது. தண்ணீரில் நன்றாகக் கரைந்து, தண்ணீரோடு ஓடும். மூன்றாம் நிலைக் குரோமியம் அவ்வளவு கொடியதல்ல. சாதாரண நிலத்தடி நீரில் கரையாமல் மண்ணில் படிந்துவிடும். முதல் வகையை இரண்டாம் வகையாக மாற்றிவிட்டால் அது ஓடாது, நின்ற இடத்தில் நிற்கும்.

மாற்றுவது எது? இரும்பு! வெறும் இரும்புத் துகள். லேத்தில் வார்ப்பிரும்பைக் கடையும்போது விழுகிற கடைசல் இருக்கிறதே, அந்தச் சரக்கை நொறுக்கிச் சலித்தால் போதும். ஆறாம் நிலைக் குரோமியம் இரும்பைத் தொட்டால், இரும்பு துருவேறிக்கொண்டு, குரோமியத்தை மூன்றாம் நிலைக்குக் கொண்டுவந்துவிடுகிறது. டிரைகுளோரோஎதிலீனையும் இரும்பு விடுவதில்லை. அதிலுள்ள குளோரினைக் கழற்றி, கடைசியில் எதிலீன், ஈதேன் போன்ற வாயுக்களாகவும் உப்பாகவும் மாற்றிவிடுகிறது.

இரும்பின் இந்த உபயோகம் தற்செயலாகத் தெரிய வந்தது. கனடாவில் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில், நிலத்தடி நீரைச் சோதிக்கும் குழாய்களை எந்தப் பொருளால் செய்யலாம் என்று 1980-களில் பரிசோதித்துக்கொண்டிருந்தார்கள். உலோகங்களைத் தொட்ட நீரில், இருக்க வேண்டிய விஷத் திராவகம் குறைந்து போயிருந்தது. "பரிசோதனை கெட்டுப்போயிற்று" என்று அதை ஒதுக்கித் தள்ளாமல், பேராசிரியர் ராபர்ட் கில்ஹாம் ஏன் என்று ஆராய்ந்தார். 1991-ல் ஒன்டாரியோவில் போர்டன் என்ற இடத்தில், நிறையில் 22 பங்கு இரும்பும் 78 பங்கு மணலும் கலந்த ஒரு சுவரை மண்ணுக்குள் வைத்துப் பார்த்தார்கள். அதன் வழியே போன டிரைகுளோரோஎதிலீனில் சுமார் 90 சதவீதம் ஒழிந்தது.

எலிசபெத் சிட்டியில் 1996-ம் ஆண்டு ஜூன் மாதத்தில் இப்படிப்பட்ட சுவரை நிறுத்தினார்கள். 150 அடி நீளம், 24 அடி ஆழம், 2 அடி கனம், சுமார் 450 டன் இரும்பு. யந்திரம் ஒரு பக்கம் பள்ளம் தோண்டிக்கொண்டே போக, மறுபக்கம் இரும்பு நிரம்பிக்கொண்டே வந்தது. ஒரு நாள் ஷிப்டுக்குள் வேலை முடிந்தது! செலவு சுமார் 5 லட்சம் டாலர். இறைத்துச் சுத்தம் செய்யும் முறையோடு ஒப்பிட்டால் 20 ஆண்டுகளில் சுமார் 40 லட்சம் டாலர் மிச்சமாகும் என்று மதிப்பிட்டார்கள். இதற்குப் பம்பு வேண்டாம், மின்சாரம் வேண்டாம். நீர் தன் வழியில் நடந்து போகிறது. சுவரைக் கடக்கும்போது சுத்தமாகிறது.

வரப்பும் மடையும்

இத்தனை சுலபமென்றால் கணக்கு எதற்கு என்று கேட்பீர்கள். இனிமேல்தான் விஷயமே இருக்கிறது. இரும்பு தன் வேலையைச் செய்யும், அதில் சந்தேகமில்லை. ஆனால் விஷ நீர் அந்த இரும்பின் வழியாகத்தான் போகும் என்று யார் உறுதி கொடுத்தது?

தண்ணீருக்கு யாரும் உத்தரவு போட முடியாது. அது சுலபமான வழியைத்தான் பார்க்கும். வரப்பு போட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்கப் போனவன் காலையில் வந்து பார்த்தால், நண்டு வளை வழியாக அடுத்தவன் வயலுக்குத் தண்ணீர் போயிருக்கும். மண்ணுக்குள் கட்டும் சுவருக்கும் இதே கதிதான். தண்ணீர் நான்கு விதத்தில் அதை ஏமாற்றலாம்: சுவரின் ஓரத்தைச் சுற்றிப் போகலாம், அடியில் புகுந்து போகலாம், மேலே ஏறித் தாண்டலாம், அல்லது ஏதோ ஒரு சரளைக் கோட்டின் வழியாக, இரும்பு தன் வேலையை முடிப்பதற்குள் விரைந்து ஓடிவிடலாம்.

நீளமான இடத்தில் முழுவதும் இரும்பு போட்டால் செலவு அதிகம். அதனால் சில இடங்களில் வேறு யோசனை செய்தார்கள். இரு பக்கமும் தண்ணீர் புகாத வரப்பு. அதற்குக் களிமண் குழம்பையோ இரும்புத் தகட்டையோ உபயோகிப்பார்கள். நடுவே மட்டும் ஒரு மடை. அந்த மடையில் இரும்புத் துகள். வரப்பு நீரை மடைக்குத் தள்ளும், மடை சுத்தம் செய்யும்.

அமெரிக்காவில் டென்வர் நகரத்துக்கு அருகே உள்ள மத்திய சர்க்கார் வளாகத்தில் 1996-ல் இப்படிக் கட்டினார்கள். சுமார் 1,040 அடி நீளத்துக்குத் தகடு வரப்பு, அதில் 40 அடி அகலத்தில் நாலு மடைகள். கட்டிய பிறகு என்ன நடந்தது? வரப்புக்குப் பின்னால் நீர் குவிந்தது. நீர்மட்டம் 10 அடி வரை ஏறியது. தெற்கு முனையைச் சுற்றிக்கொண்டு விஷ நீர் போகிறது என்பதற்கு அடையாளங்கள் தெரிந்தன. மடை போதாத வயலில் தண்ணீர் ஏறி, வரப்பின் கடைசியை அரித்துக்கொண்டு போவதைப் பார்த்திருக்கிறீர்களே, அதேதான். மடையிலே இரும்பு நன்றாக வேலை செய்தது. ஆனால் மடைக்கு வராத தண்ணீரை இரும்பு என்ன செய்ய முடியும்?

மடை முறையில் இன்னொரு விஷயமும் உண்டு. அகலமான இடத்து நீரெல்லாம் குறுகிய வழியில் நுழைவதால் அங்கே வேகம் கூடுகிறது. வேகம் கூடினால் இரும்போடு இருக்கும் நேரம் குறைகிறது. ஆகவே இரும்பின் கனத்தைக் கூட்ட வேண்டும். இதையெல்லாம் கட்டிய பிறகு கண்டுபிடிப்பதா, கட்டுவதற்கு முன்பே கண்டுபிடிப்பதா? முன்பே கண்டுபிடிப்பதற்குத்தான் கணக்கு மாதிரி.

கணக்கு மாதிரி என்றால் என்ன?

முன்பெல்லாம் கண்ணாடித் தொட்டியில் மணலை நிரப்பி, சாயத் தண்ணீரை விட்டு, அது போகும் வழியைப் பார்ப்பார்கள். பிறகு மின்சாரத்தை உபயோகித்தார்கள். கம்பியில் மின்சாரம் ஓடும் விதியும், மணலில் நீர் ஓடும் டார்சியின் விதியும் ஒரே அச்சில் வார்த்தவை போல இருப்பதால், மின்தடைகளை வலைபோலக் கோத்து, நிலத்தடி நீருக்கு மாதிரி செய்தார்கள். இப்போது கம்ப்யூட்டரில் செய்கிறார்கள். அமெரிக்க நில ஆய்வுத் துறை 1984-ல் முதன்முதலாக வெளியிட்ட மாட்ஃப்ளோ என்ற கணக்குத் திட்டம் உலகெங்கும் உபயோகத்தில் இருக்கிறது. அதற்கு விலை கிடையாது. யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம்.

அதன் உள்ளே நடப்பது மந்திரமல்ல. ஊரின் வரைபடத்தின்மேல் கட்டம் போடுங்கள், தாயக் கட்டம் போல. ஒவ்வொரு கட்டத்திலும் என்ன மண், அதன் வழிவிடும் திறன் என்ன என்று எழுதுங்கள். ஆழத்திலும் அடுக்கடுக்காக இப்படியே செய்யுங்கள். பிறகு ஒரே ஒரு நியாயம்: ஒரு கட்டத்துக்குள் வந்த தண்ணீர் எவ்வளவோ, அவ்வளவு வெளியே போக வேண்டும், மீதி இருந்தால் மட்டம் ஏற வேண்டும். வரவு செலவுக் கணக்கு, அவ்வளவுதான்.

மண் ஒரே மாதிரியாக இருந்து, மழையும் பம்பும் இல்லாமல், நீர்மட்டம் ஏறாமல் இறங்காமல் நிலையாக இருந்தால், ஒரு கட்டத்தின் நீர்மட்டம் சுற்றியுள்ள நாலு கட்டங்களின் சராசரி. பக்கத்துக் கட்டங்களில் 10, 8, 9, 9 அடி என்றால் நடுவில் 9 அடி. பள்ளிக்கூடத்துப் பிள்ளை கூடப் போடலாம். ஆனால் ஆயிரக்கணக்கான கட்டங்கள். ஒன்றை மாற்றினால் பக்கத்துக் கட்டங்களும் மாறும். எல்லாம் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகும்வரை திரும்பத் திரும்பப் போட வேண்டும். மனிதன் உட்கார்ந்து போட்டால் மாதக் கணக்காகும். கம்ப்யூட்டர் நொடியில் போடுகிறது.

இப்போது அந்தக் கட்டங்களின் நடுவே ஒரு சுவரை வையுங்கள். வரப்புக் கட்டத்தின் வழிவிடும் திறன் அநேகமாகப் பூஜ்யம். இரும்புக் கட்டத்தின் திறன் சுற்றியுள்ள மண்ணைவிட அதிகம். மறுபடியும் கணக்கைப் போடுங்கள். பிறகு, பட்டறை இருந்த இடத்தில் கற்பனையாக ஒரு துளியை விட்டு, அது எந்த வழியாகப் போகிறது என்று தொடர்ந்து பாருங்கள். இரும்பின் வழியாகப் போனால் சரி. ஓரத்தைச் சுற்றினால் சுவரை நீட்டுங்கள். அடியில் போனால் ஆழப்படுத்துங்கள். காகிதத்தில் சுவரை நூறு தடவை இடித்துக் கட்டலாம், செலவில்லை. மண்ணில் ஒரு தடவைதான் கட்ட முடியும்.

இரும்பின் கனமும் இதிலிருந்துதான் கிடைக்கிறது. முன்னே போட்ட உதாரணத்தில் நீர் நாளைக்கு 0.4 அடி நடந்தது. அந்த நடையில் 2 அடிச் சுவரைக் கடக்க 5 நாள் ஆகும். விஷம் ஒழிய 4 நாள் தேவையென்றால் அந்தக் கனம் போதும். ஆனால் நடுவே ஒரு சரளைக் கோடு இருந்து, அங்கே நீர் ஐந்து மடங்கு வேகத்தில் போனால்? ஒரே நாளில் கடந்துவிடும். மற்ற இடமெல்லாம் சுத்தமாக இருக்க, அந்தக் கோட்டின் வழியாக மட்டும் விஷம் போய்க்கொண்டிருக்கும்.

கணக்கும் தவறலாம்

கம்ப்யூட்டர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நினைத்துவிடக் கூடாது. நாம் கொடுப்பதைத்தான் அது திருப்பிக் கொடுக்கும். மண்ணைத் தோண்டிப் பார்க்காமல், கிணறுகளை அளக்காமல், அறையில் உட்கார்ந்து எண்களைப் போட்டால், வருவது அழகான படமாக இருக்கும், உண்மையாக இருக்காது. அதனால்தான், மாதிரி சொல்லும் நீர்மட்டத்தையும் கிணற்றில் அளந்த நீர்மட்டத்தையும் ஒப்பிட்டு, பொருந்தும்வரை திருத்துகிறார்கள்.

எலிசபெத் சிட்டியிலேயே ஒரு பாடம் கிடைத்தது. அங்கே சுவர் ஆழத்திலுள்ள களிமண் அடுக்குவரை இறங்கவில்லை. விஷம் இருந்த ஆழத்தைக் கணித்து, அதற்குக் கீழே 24 அடியோடு நிறுத்தினார்கள். குரோமியம் விஷயத்தில் வெற்றி பூரணமாக இருந்தது. டிரைகுளோரோஎதிலீனில் ஒரு பகுதி மட்டும், சுவரின் அடியாகப் போவதாகத் தெரிந்தது. காரணம் என்னவாக இருக்கும்? சுவர் போடுவதற்கு முன் அந்த இடத்தை வண்டி நிறுத்தும் தளம் மூடியிருந்தது. மழை உள்ளே இறங்கவில்லை. தளத்தை வெட்டி இரும்பைப் போட்ட பிறகு, மழை நீர் அந்த வழியாக நிறைய இறங்கி, விஷ வாலைக் கீழே அழுத்தியிருக்கலாம் என்று ஆராய்ந்தவர்கள் கருதினார்கள். பாருங்கள் தோழர்களே! சுவர் கட்டிய வேலையே தண்ணீரின் வழியை மாற்றிவிடக்கூடும். அதையும் கணக்கில் சேர்க்க வேண்டியிருக்கிறது.

இதைக் கண்டுபிடித்தது எப்படி? சுவருக்கு முன்னும் பின்னும், சுவருக்குள்ளேயும், பல ஆழங்களில் சோதனைக் குழாய்களை இறக்கி, வருஷக் கணக்கில் நீரை எடுத்துப் பார்த்ததால்தான். 15 ஆண்டு அளவுகளைத் தொகுத்து 2014-ல் அறிக்கை வெளியிட்டார்கள். அத்தனை ஆண்டுக்குப் பிறகும் அந்த இரும்பு குரோமியத்தைப் பிடித்துக்கொண்டிருந்தது. இரும்பு நாளாக நாளாகத் துருப்பிடித்து, சுண்ணாம்பும் படிந்து, சந்துகள் அடைபடக் கூடும். அடைபட்டால் தண்ணீர் மறுபடியும் வேறு வழி பார்க்கும். ஆகவே கட்டிவிட்டு மறந்துவிடும் வேலையல்ல இது.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். சுவர் தன்னிடம் வரும் நீரைத்தான் சுத்தம் செய்யும். விஷம் இறங்கிய மூல இடத்தை அது சுத்தம் செய்யாது. சுவரைத் தாண்டி ஏற்கெனவே போய்விட்ட விஷத்தையும் திருப்பிக் கொண்டுவராது. மூலத்தை அகற்றாமல் சுவர் மட்டும் கட்டுவது, ஒழுகும் கூரையை விட்டுவிட்டுக் கீழே பானை வைப்பது போலத்தான்.

நம் பக்கத்தில்

இதே குரோமியம் நமக்கு அந்நியமானதல்ல. ராணிப்பேட்டையில் 1970-களில் தொடங்கி 1990-களில் மூடப்பட்ட ஒரு குரோமேட் ஆலை, ஒன்றரை லட்சம் டன்னுக்கு மேற்பட்ட குரோமியக் கழிவை மலைபோலக் குவித்துவிட்டுச் சென்றது. மழை பெய்தால் அதிலிருந்து மஞ்சள் நீர் கசிந்தது. ஹைதராபாத் தேசிய புவி இயற்பியல் ஆராய்ச்சி நிலைய விஞ்ஞானிகள் அங்கே நிலத்தடி நீரையும் விஷத்தின் போக்கையும் ஆராய்ந்து 2011-ல் கட்டுரை வெளியிட்டார்கள். குடிநீரில் ஒரு லிட்டருக்கு 0.05 மில்லிகிராம் குரோமியத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்பது நம் நாட்டு அளவு. பாலாற்றுப் படுகையில் தோல் பதனிடும் ஆலைகள் நீரைக் கெடுத்த வழக்கில் 1996-ம் ஆண்டு ஆகஸ்டு 28-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புச் சொன்னது: கெடுத்தவரே நஷ்ட ஈடும் கொடுக்க வேண்டும், கெட்டதைச் சீராக்கும் செலவையும் ஏற்க வேண்டும்.

அப்படியானால் எலிசபெத் சிட்டிச் சுவரை அப்படியே பெயர்த்துக்கொண்டு வந்து ராணிப்பேட்டையில் வைத்துவிடலாமா? முடியாது. அங்கே அடியில் இருப்பது மணல். நம் பக்கத்தில் மேலே கொஞ்சம் மண், அதன் கீழே பாறை. கிணறு வெட்டிய தோழர்களுக்குத் தெரியும்: ஓர் இடத்தில் பாறை வெடிப்பில் ஊற்று பீறிட்டு வரும், பத்தடி தள்ளி வெட்டினால் ஒரு சொட்டு வராது. பாறை வெடிப்பில் ஓடும் நீருக்கு மாதிரி போடுவது மணலைவிடப் பல மடங்கு கஷ்டம். அதற்கு அந்த இடத்துக் கிணறுகளைப் பற்றிய அறிவு அவ்வளவு அதிகமாகத் தேவை. அந்த அறிவு யாரிடம் இருக்கிறது? கிணறு வெட்டியவனிடம், தண்ணீர் இறைத்தவனிடம், கோடையில் எந்தக் கிணறு முதலில் வற்றும் என்று தெரிந்த பெண்களிடம் இருக்கிறது. இன்னொரு விஷயம்: சுவர் இருக்கும் இடத்துக்குப் பக்கத்தில் ஒருவர் பெரிய மோட்டார் வைத்து இறைத்தால், நீர் அந்தப் பக்கம் திரும்பிவிடும். மழைக்காலத்து ஓட்டம் ஒரு திசை, கோடையில் வேறொரு திசையாகவும் இருக்கலாம். இதையெல்லாம் ஊர்க்காரர்கள் சொன்னால்தான் கணக்குப் போடுகிறவர் தெரிந்துகொள்வார்.

ஆகவே, நாளைக்கு உங்கள் ஊருக்கு ஓர் எஞ்சினியர் படத்தோடு வந்து, "மண்ணுக்கடியில் சுவர் கட்டப் போகிறோம், தண்ணீர் சுத்தமாகிவிடும்" என்று சொன்னால், அவரை உட்கார வைத்து, மரியாதையாகச் சில கேள்விகள் கேளுங்கள்.

எத்தனை கிணறுகளின் நீர்மட்டத்தை அளந்தீர்கள்? மழைக்காலம், கோடை இரண்டிலும் அளந்தீர்களா?

விஷம் எவ்வளவு ஆழம் வரை இருக்கிறது? சுவரின் அடி எதன்மேல் நிற்கிறது, களிமண்ணிலா, பாறையிலா, அந்தரத்திலா?

இரண்டு முனைகளையும் சுற்றித் தண்ணீர் போகாது என்பதற்குக் கணக்கு எங்கே? எங்கள் மோட்டார்களைக் கணக்கில் சேர்த்தீர்களா?

சோதனைக் குழாய்களை எங்கெங்கே வைப்பீர்கள்? முனைகளிலும் அடியிலும் வைப்பீர்களா? எத்தனை ஆண்டு பார்ப்பீர்கள்? முடிவை ஊர்ப் பஞ்சாயத்துப் பலகையில் எழுதி ஒட்டுவீர்களா?

விஷம் இறங்கிய மூல இடத்தை என்ன செய்யப் போகிறீர்கள்? செலவு யாருடையது?

நல்ல எஞ்சினியர் இந்தக் கேள்விகளைக் கேட்டுக் கோபப்பட மாட்டார். சந்தோஷப்படுவார். அவர் போட்ட கணக்கை எடுத்துக் காட்டுவார். தெரியாததைத் தெரியாது என்று சொல்லி, உங்களிடமே கேட்டுக் குறித்துக்கொள்வார். கணக்கைக் காட்ட மறுப்பவரிடம் மட்டும் ஜாக்கிரதையாக இருங்கள்.

வழியில் கேள்வி கேட்ட தோழருக்கு இதுதான் என் பதில். கிணற்றை இறைத்தால் கிணறு சுத்தமாகும். நிலத்தடி நீர் சுத்தமாக வேண்டுமானால், அது எங்கிருந்து வந்து எங்கே போகிறது என்று முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். இரும்பு அதற்குப் பிறகுதான் வருகிறது. நீங்கள் இன்று வீட்டுக்குப் போனதும் ஒரு காரியம் செய்யுங்கள். ஒரு கயிற்றில் கல்லைக் கட்டி, உங்கள் கிணற்றின் நீர்மட்டத்தை அளந்து, தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதுங்கள். மாதத்துக்கு ஒரு தடவை எழுதுங்கள். எந்தக் கம்ப்யூட்டருக்கும் அந்த நோட்டுத்தான் முதல் தேவை.